எதற்கு எது சேரும்

சங்ககிரிக்கு அருகே, நெடுஞ்சாலையின் ஓசை எட்டியும் எட்டாமலும் இருக்கும் ஒரு பட்டறையின் பின்புறத்தில், வேப்பமர நிழலில், பழைய லேலண்டு காமெட் லாரி ஒன்றின் சேஸிஸ் நான்கு மரக்கட்டைகளின்மேல் ஏற்றி வைக்கப்பட்டிருந்ததைச் சில ஆண்டுகளுக்கு முன்பு கண்டேன். சக்கரங்கள் இல்லை, கேபின் இல்லை, என்ஜின் மட்டும் கித்தான் ஒன்றால் போர்த்தப்பட்டு, நீண்ட நோய்க்குப் பிறகு உறங்குகிறவரைப் போல இருந்தது. குடும்பத்தின் முதல் வண்டியாக அதை வாங்கி, அதிலேயே நெல்லும் சிமெண்டும் ஏற்றிப் பிழைத்து, பின்னால் பல லாரிகளுக்கு உரிமையாளரான ஒருவரின் பேரர், தாத்தாவின் ஞாபகார்த்தமாக அந்த வண்டியை மறுபடியும் ஓடச் செய்யவேண்டும் என்று சங்கற்பம் செய்துகொண்டிருந்தார்.

பழைய வாகனத்தைப் புதுப்பிப்பது என்றால் துருவைச் சுரண்டி வர்ணம் பூசுவது என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஆனால் பட்டறையில் நுழைந்து அரை நாழிகை நின்றால், அங்கே நாள் முழுவதும் ஒலிக்கும் கேள்வி வர்ணத்தைப் பற்றியது அல்ல என்பது விளங்கிவிடும். “இதற்கு எது சேரும்?” என்பதே அந்தக் கேள்வி. செய்த கம்பெனி கைவிட்டுவிட்ட ஓர் உறுப்புக்கு ஈடாக, வேறு எந்த வண்டியின் எந்த உறுப்பு, எவ்வளவு திருத்தத்தோடு பொருந்தும் என்று அறிவது ஒரு தனிச் சாஸ்திரம். அது எந்தப் பாடசாலையிலும் போதிக்கப்பட்டதில்லை. ஆயினும் அதற்கு ஏறக்குறைய நூறு வருஷத்துச் சரித்திரம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் மோட்டார்ப் போக்குவரத்து ஒரு தொழிலாக வேர்விட்ட காலம் இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகள். டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912-ஐ ஒட்டிப் பஸ் விடத் தொடங்கினார், 1920-இல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தம்முடைய ஒற்றைப் பஸ்ஸை ஓட்டினார். வண்டிகள் அந்நிய தேசத்து வண்டிகள். 1928-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி பம்பாயில் கூட்டிணைப்புத் தொழிற்சாலை திறந்த பிறகுங்கூட, பெட்டிகளில் வந்திறங்கிய பாகங்களை இங்கே முடுக்கி வண்டியாக்கினார்களேயன்றி, பாகங்களை இங்கே வார்த்துக் கடைந்தார்கள் அல்லர். ஆகவே ஓர் உறுப்பு முறிந்தால், கப்பல் வரும்வரை வண்டி நிற்கவேண்டும், அல்லது உள்ளூரில் ஒருவன் அதைச் செய்துதரவேண்டும். கப்பலுக்குக் காத்திருக்கச் சக்தியில்லாத முதலாளிகளின் அவசரமே, நம்முடைய லேத் பட்டறைகளுக்குத் தாயாக அமைந்தது.

இரண்டாவது மகாயுத்தம் அந்த அவசரத்தை நிர்ப்பந்தமாக மாற்றியது. பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. உதிரிப் பாகங்கள் வருவது ஏறக்குறைய நின்றது. பஸ்ஸின் பின்னால் அடுப்பைப் போன்ற ஓர் உருளையைப் பொருத்தி, மரக்கரியை எரித்து, அதில் எழும் வாயுவால் என்ஜினை ஓட்டினார்கள். சுந்தரம் ஐயங்காரின் டி.வி.எஸ். ஸ்தாபனம் அத்தகைய கரிவாயுக் கருவிகளைத் தானே உற்பத்தி செய்தது. பெட்ரோலுக்கென்று அமைந்த ஒரு யந்திரத்தை வேறோர் எரிபொருளுக்கு இணங்கச் செய்த அந்த அநுபவம், ‘கம்பெனி செய்த வண்ணமே இருக்கவேண்டும்’ என்ற அச்சத்தை நம் மெக்கானிக்குகளின் மனத்திலிருந்து போக்கிவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

யுத்தம் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட லாரிகள் ஏலத்துக்கு வந்தன. ‘டிஸ்போசல்’ என்ற சொல்லே அந்நாளில் ஒரு பண்டத்தின் பெயரைப்போல் வழங்கிற்று. யுத்த காலத்தில் கனடா தேசம் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ராணுவ வாகனங்களைச் செய்து குவித்தது. அவற்றுள் போர்டும் ஷெவர்லேயும் ஒரே பொது மாதிரியை ஒட்டிச் செய்த லாரிகள் இங்கும் பரவின. ஒரே முகம், ஒரே மாதிரிக் கேபின்; ஆனால் மூடியைத் திறந்தால் ஷெவர்லேயில் வரிசையாக ஆறு சிலிண்டர், போர்டில் வி வடிவத்தில் எட்டு. வெளியில் ஒன்றுக்கொன்று சேரும், உள்ளே சேராது. ஏலத்தில் எடுத்த பத்து வண்டிகளைப் பிரித்து ஆறு வண்டிகளாக ஓடவிட்டவர்களுக்கு இந்த வேறுபாடே முதற்பாடமாயிற்று.

சுதந்திரத்துக்குப் பின் நிலைமை வேறு திசையில் திரும்பியது. 1948-இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், முதலில் ஆஸ்டின் கார்களைக் கூட்டிணைத்தது. பிறகு இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள லேலண்டு கம்பெனியோடு உடன்படிக்கை செய்துகொண்டு, 1951-இல் எண்ணூரில் நான்கு காமெட் டிப்பர்களை முடித்து மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றுக்கு அனுப்பியது. 1955-இல் அந்த ஸ்தாபனம் அசோக் லேலண்டு ஆயிற்று. 1954-இல் டாட்டா கம்பெனி ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸோடு பதினைந்து வருஷ ஒப்பந்தத்தில் லாரி செய்யத் தொடங்கியது. இங்கேயே உற்பத்தி செய்யும் திட்டமில்லாதவர்களுக்கு இடமில்லை என்று அரசாங்கம் முடிவு செய்ததனால், அதே 1954-இல் ஜெனரல் மோட்டார்ஸ் விடைபெற்றது. ஆயிரக்கணக்கான அமெரிக்க லாரிகள் சாலையில் ஓடிக்கொண்டிருந்தபடியே தாயற்ற பிள்ளைகளாயின.

அவற்றைக் காத்த உபாயங்களுள் சிறந்தது என்ஜின் மாற்றம். இங்கிலாந்தின் பெர்கின்ஸ் கம்பெனி 1930-களின் இறுதியில் வெளியிட்ட பி-6 என்னும் ஆறு சிலிண்டர் டீசல் என்ஜின், பெட்ரோல் லாரிகளின் வயிற்றில் பொருத்துவதற்கு வாகாக அமைந்தது. சென்னையில் சிம்சன் ஸ்தாபனம் பெர்கின்ஸ் என்ஜின்களைச் செய்யவும் முற்பட்டது. அமெரிக்க உடலில் ஆங்கிலேய இருதயம், அதைத் தாங்கும் பிராக்கெட்டுகள் உள்ளூர் வார்ப்பு, ஓட்டுகிறவர் நம் ஊர்க்காரர் என்று அந்த வண்டிகள் இன்னும் இருபது முப்பது வருஷம் பாரம் சுமந்தன.

இவ்வாறு பல தேசத்து யந்திரங்கள் ஒரே பட்டறையில் கூடியபோது, மிகச் சிறிய பொருளே மிகப் பெரிய இடையூறு ஆயிற்று. அதுதான் போல்ட்டின் மரை. 1841-இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த ஆங்கில மரையின் கோணம் 55 பாகை. அமெரிக்க மரைக்கும் ஐரோப்பிய மெட்ரிக் மரைக்கும் 60 பாகை. அரை அங்குலப் போல்ட் என்று ஒரு பெயர்தான். ஆனால் ஓர் அங்குல நீளத்துக்குள் விட்வொர்த்தில் 12 மரை, ஆங்கில நுண்மரையில் 16, அமெரிக்கப் பெருமரையில் 13, அமெரிக்க நுண்மரையில் 20. யுத்தகளத்தில் ஒருவர் போல்ட் மற்றவர் நட்டில் ஏறாமல் பட்ட துன்பத்தை நினைந்துதான், 1948-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் கனடாவும் கூடி ஒரு பொதுமரைக்கு உடன்பட்டன. அதற்குள் நம்முடைய பட்டறைகளில் நான்கும் வந்து சேர்ந்துவிட்டன. ஐந்தாவதாக டாட்டா-பென்ஸின் மெட்ரிக் மரையும் வந்தது. 12 மில்லிமீட்டர்ப் போல்ட்டுக்கும் 12.7 மில்லிமீட்டரான அரை அங்குலத்துக்கும் கண்ணால் பேதம் தெரியாது. தவறிப் போட்டவனுக்கு அது மலைப்பாதையில் தெரியும். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை ‘ஒரு நூல்’ என்று சொல்லி அளக்கும் நம் மேஸ்திரிகள், 1958-இல் தசாம்ச அளவைகள் தேசத்தில் புழக்கத்துக்கு வந்த பின்பும் நூலைக் கைவிடவில்லை. நூலையும் மில்லிமீட்டரையும் ஒருங்கே மனத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள்.

அந்தச் சங்ககிரிப் பட்டறையில் நான் கண்ட காட்சி இதுதான். என்ஜினின் பக்கவாட்டு மூடியில், முன்னொரு காலத்தில் எவரோ மரை மாறிய போல்ட் ஒன்றை வலிந்து திருகிவிட்டிருந்தார்கள். எழுபது வயதைக் கடந்த பிட்டர் ஒருவர் அதைப் பொறுமையோடு கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, தகரப் பெட்டியிலிருந்து வெவ்வேறு போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, சரியான இடத்திலிருந்து கழற்றிய மாதிரிப் போல்ட்டின் மரையோடு மரை பதியும்படி பக்கவாட்டில் வைத்து, வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். முதல் மூன்று போல்ட்டுகளிலும் இரு மரைகளுக்கும் நடுவே ஊசி ஊசியாக ஒளி கசிந்தது. நான்காவதில் கசியவில்லை. அருகில் நின்ற, லாரிக்கு உரிமையாளரான பேரர், “அதுவும் உள்ளே போகுதே, போட்டா என்னங்க?” என்று மூன்றாவது போல்ட்டைக் காட்டிக் கேட்டார். “உள்ளே போறதெல்லாம் சேர்ந்ததாகாதுங்க. நாலு சுத்துப் போகும், அஞ்சாவதுல மரையைத் தின்னுடும்ங்க” என்றார் பெரியவர். தாம் ஓர் இலக்கணச் சூத்திரத்தைச் சொன்னதாக அவர் எண்ணவேயில்லை; அந்த வாக்கியத்தின் அருமை எனக்கு வீடு திரும்பும் வழியெல்லாம் புலப்பட்டுக்கொண்டே இருந்தது.

உறுப்புகளின் பிறப்பிடமும் காலக்கிரமத்தில் மாறியது. இந்தியா பிஸ்டன்ஸ் 1949-இலும், பெங்களூரில் பாஷ் தொழில்நுட்பத்தோடு மைகோ 1951-இலும் எழுந்தன. சென்னைக்கு அடுத்த பாடியில் வீல்ஸ் இந்தியா 1960-இலும், லூகாஸ்-டி.வி.எஸ். 1961-இலும், பிரேக்ஸ் இந்தியா 1962-இலும் தோன்றின. லங்காஷயரிலிருந்து வரவேண்டியிருந்தது பாடியிலிருந்து வந்தது. இதனால், பெயரளவில் ஒரே மாதிரியான வண்டிக்குள்ளேயே, இங்கிலாந்தில் பிறந்த உறுப்புகளும் தமிழ்நாட்டில் பிறந்த உறுப்புகளும் வருஷத்துக்கு வருஷம் வேறு விகிதத்தில் கலந்தன. ஆதலால் ஒரு காமெட்டைப் புதுப்பிக்க முற்படுகிறவர் முதலில் கேட்கவேண்டியது மாடலை அன்று, வருஷத்தை. லேலண்டு என்ஜின்களின் எண்ணே ஒரு குறிப்பு: 350, 370, 400, 680 என்பவை சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவைக் கன அங்குலத்தில் சொல்பவை. ஆயினும் அந்த எண் என்ஜினின் குடும்பத்தைச் சொல்லுமேயன்றி, ஒவ்வொரு போல்ட்டின் குலத்தையும் சொல்லாது.

புதிய உதிரிப் பாகங்களுக்குச் சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. பழையவற்றுக்குக் கூவத்தின் கரையை ஒட்டிய புதுப்பேட்டை. என்ஜின் பிளாக்குகள் நெல் மூட்டைகளைப்போல் அடுக்கப்பட்டு, கியர்ச் சக்கரங்கள் கம்பியில் கோக்கப்பட்டுத் தொங்கும் அந்தத் தெருக்களைக் காயலான் கடை என்று சொல்லிக் கடந்துபோகிறவர்கள், தாம் ஒரு நூலகத்தின் வழியே நடந்தோம் என்பதை அறியார். அங்கே ஒரு வியாபாரி உறுப்பைக் கையில் வாங்கி, எடையைப் பார்த்து, பல்லை எண்ணி, வார்ப்பில் புடைத்திருக்கும் எண்ணை விரலால் தடவி, அது எந்த வண்டியின் எந்தக் காலத்துப் பாகம் என்று சொல்லிவிடுவார்.

இதில் கிராங்க் ஷாப்ட்டின் கதை தனிக் கவனத்துக்கு உரியது. தேய்ந்த கிராங்கை எறிவதில்லை. அதன் கழுத்துகளை அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு கடைந்து வட்டமாக்கி, அந்த அளவுக்குத் தடித்த பேரிங்கைப் போடுவார்கள். மறுமுறை தேய்ந்தால் இருபது, பிறகு முப்பது, பிறகு நாற்பது. அதற்குமேல் கடைந்தால் இரும்பு தாங்காது. ஆகவே ஒரு கிராங்க் இப்போது எத்தனையாவது கடைசலில் இருக்கிறது என்று மைக்ரோமீட்டர் வைத்துப் பார்ப்பது, அந்த வண்டியின் வயதையும் அது பட்ட பாட்டையும் வாசிப்பதாகும். சங்ககிரிக் காமெட்டின் கிராங்க் முப்பதில் இருந்தது. அந்த அளவுப் பேரிங் புதிதாகக் கிடைக்கவில்லை. எந்தக் காலத்திலோ வாங்கி விற்காமல் போன ஒரு பெட்டி, எண்ணெய்க் காகிதம் பிரியாமல், புதுப்பேட்டைப் பரண் ஒன்றில் இருந்து கிடைத்தது. உரிமையாளர் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

கேபினின் விஷயத்திலோ கம்பெனி மாதிரி என்பதே பெரும்பாலும் கிடையாது. அந்நாளில் தொழிற்சாலையிலிருந்து வந்தது மூக்கும் சேஸிஸும் மட்டுமே. கேபினை ஊரில் உள்ள பாடி பட்டறைத் தச்சர்கள், மரச்சட்டம் கூட்டித் தகடு போர்த்திக் கட்டினார்கள். நாமக்கல்லும் திருச்செங்கோடும் சங்ககிரியும் லாரித் தொழிலிலும், கரூர் பஸ் பாடி கட்டுவதிலும் பெற்ற கீர்த்திக்கு இந்தக் கைகளே காரணம். ஒரு கேபினைப்போல் இன்னொன்று இராது. ஜன்னலின் வளைவையும் நெற்றியின் சரிவையும் பார்த்து, இது இன்ன பட்டறை வேலை என்று சொன்ன ஓட்டுநர்கள் இருந்தார்கள்.

இவ்வளவையும் கருத்தில் வைத்தால், புதுப்பித்தல் என்பதைப் பற்றிய ஒரு கேள்வி எழுகிறது. பெர்கின்ஸ் என்ஜின் ஏறிய ஓர் அமெரிக்க லாரியைப் புதுப்பிக்கிறவர், அந்த என்ஜினை இறக்கிவிட்டு, பழைய பெட்ரோல் என்ஜினை அயல்நாட்டிலிருந்து வரவழைக்கவேண்டுமா? கார் சேகரிப்போரின் சம்பிரதாயம் ‘ஆம்’ என்கிறது. நான் ‘இல்லை’ என்கிறேன். அந்த லாரி தொழிற்சாலை வாசலில் நின்றது சில நாட்கள். நம் சாலையில் உழைத்தது பல்லாண்டுகள். அந்த உழைப்பின் தழும்புகளை அழித்துவிட்டு எதை மீட்கிறோம்? இரவல் உறுப்பும், கடைந்த கிராங்கும், தச்சர் கட்டிய கேபினும் அதன் குறைகள் அல்ல; அவையே அதன் வாழ்க்கை.

இத்தகைய லாரிகளுக்கு அரசாங்கத்தின் அங்கீகாரம் இன்னும் வரவில்லை என்பது வருத்தத்துக்கு உரியது. 2021-இல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று வகுத்த பதிவு விதிகள், ஐம்பது வருஷம் கடந்த இருசக்கர வாகனங்களையும் சொந்த உபயோகத்துக்கான நான்குசக்கர வாகனங்களையுமே கருதின. பெரிய திருத்தங்கள் செய்யாமல் ஆதி வடிவத்தில் பேணவேண்டும் என்பதும் அவற்றின் நிபந்தனை. தேசத்தின் அரிசியையும் சிமெண்டையும் சுமந்த லாரிக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

ஆயினும் வண்டிகளைவிட எனக்குக் கவலை தருவது அறிவின் கதிதான். ஒரு லாரியை மரநிழலில் நாற்பது வருஷம் நிறுத்திவைத்துப் பிறகும் எழுப்பலாம். எதற்கு எது சேரும் என்று அறிந்த ஒருவர் போய்விட்டால், அவரோடு போனதை எந்தப் புதுப்பேட்டையிலும் தேடி எடுக்க முடியாது. சங்ககிரிப் பெரியவரின் தகரப் பெட்டிக்கு அடியில், எண்ணெய்க் கறை படிந்த நாற்பது பக்க நோட்டு ஒன்று இருந்தது. ‘காமெட் தண்ணி பம்ப் — இன்ன வண்டி பேரிங், ஒரு நூல் கடைசல்’ என்பதுபோல் பென்சிலால் எழுதிய வரிகள் அதில் நிறைந்திருந்தன. லாரியின் உரிமையாளர் அந்த நோட்டைக் கேட்டு வாங்கி, தேதி போட்டு, சுத்தமான எழுத்தில் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வரிக்கும் பெரியவர் வேலையை நிறுத்தி விளக்கம் சொல்லவேண்டியிருந்தது. அதனால் என்ஜின் வேலை நின்றது; அவர்கள் இருவருக்குமே அதைப் பற்றிக் கவலையில்லை.