வயிறு வலிக்கல... அப்போ வயிற்று மாத்திரை எதுக்கு?

மூட்டுவலிக்கு டைக்லோஃபெனக். கூடவே ஒமெப்ரஸோல். "வயிறு நல்லாத்தானே இருக்கு" என்று இரண்டாவதை விட்டுவிடுவோர் உண்டு.

ஏன் விடக்கூடாது?

வீக்கத்தைக் குறைக்கும் வலிநிவாரணிகள், வயிற்றின் உட்சுவரைக் காக்கும் புராஸ்டகிளான்டின் சுரப்பையும் குறைக்கின்றன. புண் வலிக்காமலேயே உருவாகி, திடீரென இரத்தம் கசியலாம்.

ஒமெப்ரஸோல் அமிலத்தைக் குறைக்கிறது. முழுப் பலன் தெரியச் சில நாள் ஆகும். அதனால் வயிறு எரியும்போது மட்டும் போட்டால் போதாது.

எப்படிச் சாப்பிடுவது?

- ஒமெப்ரஸோல்: உணவுக்கு அரை மணி நேரத்துக்குமுன்
- வலிநிவாரணி: உணவுக்குப் பின்

யாருக்கு ஆபத்து அதிகம்?

- 65 வயதைத் தாண்டியோர்
- முன்பு வயிற்றுப்புண் வந்தோர்
- ஆஸ்பிரின், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுவோர்

மலம் தார் போல் கறுத்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்க.

வீட்டில் தாத்தா, பாட்டியின் மாத்திரைப் பெட்டியையும் ஒருமுறை பாருங்க. ஒமெப்ரஸோல் மட்டும் மிச்சம் இருக்கா?