கவாத்து இருந்தது, கஜானா இல்லை

இந்தியத் தரைப்படையில் மிகப் பழைய காலாட்படை ரெஜிமெண்ட் மெட்ராஸ் ரெஜிமெண்ட். தன் பிறப்பு ஆண்டாக அது சொல்வது 1758. ஆனால் இந்நாட்டவரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, துப்பாக்கி கொடுத்து, ஐரோப்பியக் கவாத்துப் பழக்கும் வழக்கத்தில் ஆங்கிலேயருக்கு முன்னால் நடந்தது புதுச்சேரி. 1740-41இல் மராட்டியர் கர்நாடகத்துக்குள் புகுந்தபோது அவ்வூரின் பிரெஞ்சு ஆளுநர் டூமா சிப்பாய்களைப் பெருமளவில் சேர்த்தார். 1746 நவம்பரில் அடையாற்றங்கரையில் பிரெஞ்சுப் படைத்தலைவர் பராதியின் கீழ் சில நூறு ஐரோப்பியரும் சுமார் 700 சிப்பாய்களும் ஆற்றில் இறங்கிக் கடந்து, ஆர்க்காட்டு நவாபின் மகன் மாபூஸ்கானின் பத்தாயிரம் பேர் கொண்ட படையைச் சிதறடித்தார்கள். ஸ்டிரிங்கர் லாரன்ஸ் தேவனாம்பட்டினக் கோட்டைக்கு வந்து ஆங்கிலேயர் படையை ஒழுங்குபடுத்தத் தொடங்கியது 1748இல்தான். இப்படி முந்திக்கொண்ட ஊரில் ஏன் ஒரு சிப்பாய் ரெஜிமெண்ட் நிலைக்கவில்லை? வீரத்திலோ பயிற்சியிலோ குறை இல்லை. மாதா மாதம் சம்பளம் தரும் வருவாய் கைவிட்டுப் போனதுதான் காரணம் என்பது என் முடிவு.

துப்பாக்கி ஏந்திய காலாட்கள் பாளையக்காரரிடமும் நவாபிடமும் இருந்தார்களே, போர்ச்சுகீசியரும் உள்ளூர் ஆட்களை வைத்திருந்தார்களே, இதில் புதுச்சேரிக்கு என்ன பெருமை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கூலிக்குப் போரிடுவதில் புதுமை இல்லை. வரிசை கலையாமல் ஒரே சொல்லுக்குச் சுடப் பழகியதில்தான் புதுமை. ஆனால் அந்தப் பழக்கம் பாதி வழியிலேயே நின்றது. புதுச்சேரித் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் ஷேக் ஹசன், அப்துல் ரகுமான் போன்ற சிப்பாய்த் தலைவர்கள் வருகிறார்கள். சிப்பாய்களின் விசுவாசம் முதலில் இத்தகைய தலைவர்களிடம்தான் இருந்தது. தலைவன் விலகினால் ஆட்களும் விலகுவார்கள். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட வரும் வேளையில் ஆங்கிலேயர் அந்த இடத்தில்தான் கை வைத்தார்கள். சிதறிக் கிடந்த கம்பெனிகளைப் பட்டாலியன்களாகச் சேர்த்தார்கள். தலைவன் மாறினாலும் படை மாறாதபடி ஓர் அமைப்பு உருவாயிற்று.

பிரெஞ்சுக்காரருக்கு இது தோன்றாமல் போயிற்றா? அப்படிச் சொல்வது அவர்களுக்கு அநீதி. தக்காணத்தில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி பயிற்றுவித்த காலாட்படை பேர்பெற்றது. பானிபட் மூன்றாம் போரில் மராட்டியருக்காக நின்ற இப்ராகிம்கான் கார்டி அந்தப் பள்ளியில் தேறியவர்தான். புஸ்ஸியின் படைச் செலவுக்கென்றே 1753இல் நிஜாம் வடசர்க்கார் மாவட்டங்களை விட்டுக்கொடுத்தார். வரி வந்தது, சம்பளம் நடந்தது. 1758இல் லாலி புஸ்ஸியைத் திரும்ப அழைத்தார். அடுத்த ஏப்ரலில் மசூலிப்பட்டினம் ஆங்கிலேயர் கையில் விழுந்தது; அதோடு அந்த வரியும் போயிற்று. அந்த ஆண்டின் இறுதிக்குள் வந்தவாசி முகாமில் பாக்கிச் சம்பளம் கேட்டுக் கலகம் செய்தவர்கள் லாலியின் ஐரோப்பிய வீரர்களே. பிரான்சிலிருந்து வந்தவனுக்கே காசு இல்லை என்றால் சிப்பாயின் கதி என்ன? 1760 ஜனவரியில் வந்தவாசிப் போர், 1761 ஜனவரியில் புதுச்சேரியின் வீழ்ச்சி.

லாலியின் பிடிவாதத்தால் எல்லாம் கெட்டது என்பது பழைய வாதம். பிரெஞ்சு அரசும் அதைப் பிடித்துக்கொண்டு 1766இல் அவர் தலையை வெட்டியது. அவர் குணம் கெட்டது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அவருக்குப் பின்னும் நிலைமை தேறவில்லையே! 1814 பாரிஸ் உடன்படிக்கை, பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்த ஊர்களில் கோட்டை கட்டக் கூடாது, காவலுக்கு வேண்டிய அளவுக்கு மேல் படை வைக்கக் கூடாது என்று கதவை அடைத்தது. வருவாய்க்கு நிலமில்லை, படைக்கு அனுமதியில்லை. அதன் பிறகு பட்டாளத்துக்குப் போக விரும்பிய புதுச்சேரிக்காரர் பிரான்சின் பிற படைகளில் சேர்ந்தார்கள். பலர் இந்தோசீனாவரை போனார்கள். முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்குக் கடற்கரைச் சாலையில் நினைவுச் சின்னம் இருக்கிறது. ஊரின் பெயரைத் தாங்கிய சிப்பாய் ரெஜிமெண்ட் எதுவும் இன்று எந்தப் படையிலும் இல்லை. சென்னையின் பெயரைத் தாங்கியது மட்டும் நீலகிரி வெலிங்டனில் தலைமையிடம் கொண்டு இன்றும் ஆள் சேர்க்கிறது.