உப்பளத்திலிருந்து நீச்சல் குளத்துக்கு

சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் உப்பளங்களை நம்பி, 1913-இல் ஓக்லண்டில் ஐந்து பேர் ஆளுக்கு 100 டாலர் போட்டு ஒரு தொழிற்சாலை தொடங்கினார்கள். உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் குளோரினும் காரமும் பிரியும். அவற்றை மறுபடி சேரவிட்டால் கிடைப்பது சோடியம் ஹைபோகுளோரைட், அதாவது பிளீச். க்ளோராக்ஸ் என்று பெயர் பெற்ற அந்தத் திரவம் முதலில் சலவைக்கூடங்கள் போன்ற தொழிலிடங்களுக்குத்தான் போனது. ஓக்லண்டில் மளிகைக்கடை நடத்திய ஆனி மர்ரே, வீரியம் குறைத்த பிளீச்சைச் சிறு பாட்டில்களில் அடைத்து வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார். பிளீச் வீட்டுக்குள் நுழைந்தது அப்படித்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலிஃபோர்னியாவில் வீட்டுக்கு வீடு நீச்சல் குளங்கள் பெருகின. துணி வெளுத்த பாட்டிலுக்குக் கொல்லைப்புறத்திலும் வேலை வந்தது.

குளிப்பவர்களின் வியர்வையும் சிறுநீரும் பிளீச் தரும் குளோரினோடு கலந்தால் குளோரமின்கள் உண்டாகும். கண் எரிவதும் மூக்கைத் துளைக்கும் நெடியும் இவற்றால்தான். குளோரின் கூடிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது போதவில்லை. குளோரமின் அளவைப் போல் சுமார் பத்து மடங்கு குளோரினை ஒரே தவணையில் கொடுத்தால்தான் அது உடையும். அரைகுறையாக ஊற்றினால் நெடி போகாது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரமின் சேர்ந்த 10,000 லிட்டர் குளத்துக்கு, 5 சதவீத பிளீச் ஏறத்தாழ 2 லிட்டர் வேண்டும்.

பி.எச். 7.2-க்கும் 7.6-க்கும் இடையில் இருந்தால் குளோரின் நன்றாக வேலை செய்யும். வெயில் அதைத் தின்றுவிடும் என்பதால், பொழுது சாய்ந்தபின், பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது, சிறிது சிறிதாக ஊற்றுவார்கள். வாசனையோ நுரையோ சேர்த்த பிளீச் குளத்துக்கு ஆகாது. அமிலத்தோடு கலந்தால் நச்சு வாயு கிளம்பும். இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றவே கூடாது.

பாட்டிலுக்குள்ளும் பிளீச் நாளுக்கு நாள் வீரியம் இழக்கிறது. பழைய பாட்டிலை நம்பிக் கணக்குப் போட்டால் கணக்கு பொய்த்துவிடும். அழுக்கோடு மோதித் தன்னைச் செலவழித்தபின் அதில் மிஞ்சுவது பெரும்பாலும் சாதாரண உப்புதான். செலவாவதுதான் அதன் பணி. எவ்வளவு செலவானது என்று பார்ப்பது நம் பொறுப்பு. மறுநாள் நீர் பளிங்காகத் தெரிந்தாலும் கண்ணை நம்பாமல் சோதித்துப் பாருங்கள். குளோரின் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிய பிறகே பிள்ளைகளைக் குளத்தில் விடுங்கள்.