ரசத்தில் கரைத்த மாத்திரை

எங்க அத்தை ஒரு காலத்தில் மாமாவுக்குத் தெரியாமல் ரசத்தில் ஒரு மாத்திரையைப் பொடித்துக் கலந்து கொடுத்தாள். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. தெரிந்தவர் ஒருவர் சொல்லி, மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமலே வாங்கியது. மூன்றாம் நாள் ராத்திரி மாமா குடித்துவிட்டு வந்தார். முகம் செக்கச்செவேல் என்று ஆகி, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, திண்ணையிலேயே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் "என்ன கொடுத்தீங்க?" என்று கேட்டபோது அத்தை முந்தானையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினாள். மாமா பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவள் கையால் சாப்பிடவில்லை, ஓட்டல் சாப்பாடுதான்.

அந்த மாத்திரையின் பெயர் டைசல்பிராம். அதன் கதையைத் தேடிப் படித்தபோது ஒன்று புரிந்தது. இந்த மருந்து வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு மருத்துவ உலகமே பல பத்தாண்டுகளாகத் தலையைச் சொறிந்துகொண்டிருந்திருக்கிறது.

இந்தப் பொருள் முதலில் மருந்தே இல்லை. ரப்பர் தொழிலில் பயன்படும் ரசாயனம். 1937-ல் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கத் தொழிற்சாலை டாக்டர் ஒரு விஷயத்தைக் கவனித்து எழுதினார்: இதே குடும்பத்தைச் சேர்ந்த ரசாயனத்தோடு புழங்கும் தொழிலாளர்களால் குடிக்கவே முடியவில்லை. ஒரு கிளாஸ் பீர் போதும், முகம் சிவந்துவிடுகிறது. குடிநோய்க்கு இது மருந்தாகுமோ என்றுகூட அவர் யோசித்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை.

பத்து வருஷம் கழித்து டென்மார்க்கின் கோபன்ஹேகனில், யென்ஸ் ஹால்ட், எரிக் யாகோப்சன் என்ற இருவர் டைசல்பிராமை வயிற்றுப் புழுவுக்கான மருந்தாகச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கம்பெனியில் புது மருந்து எதுவானாலும் ஊழியர்களே முதலில் தின்று பார்ப்பது வழக்கம். (அந்தக் கூட்டத்துக்கு அவர்களே வைத்துக்கொண்ட பெயர் 'மரணப் படை'. விளையாட்டுக்குத்தான்.) மாத்திரை போட்டுக்கொண்டவர்கள் சாப்பாட்டோடு வழக்கம்போல் மது அருந்த, எல்லோருக்கும் உடம்பு சரியில்லாமல் போயிற்று. காரணத்தைப் பிடித்துவிட்டார்கள். நாம் குடிக்கும் சாராயம் உடலில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறுகிறது. பிறகு ஒரு நொதி அதைத் தீங்கில்லாத பொருளாக மாற்றிவிடும். டைசல்பிராம் அந்த நொதியை முடக்குகிறது. நச்சு ரத்தத்தில் தேங்கிப்போகிறது. 1948-ல் லான்செட் இதழில் கட்டுரை வந்தது, 1951-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

ஆரம்ப காலத்தில் டோஸ் ரொம்ப அதிகம். ஆஸ்பத்திரியில் வைத்து மாத்திரை கொடுத்து, வேண்டுமென்றே கொஞ்சம் மதுவும் கொடுத்து, "பார், குடித்தால் இப்படித்தான் ஆகும்" என்று காட்டுவார்கள். சிலர் செத்தும் போனார்கள். பிறகுதான் டோஸைக் குறைத்தார்கள்.

சரி, பலன் உண்டா? 1986-ல் ஃபுல்லர் என்பவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வுதான் இதில் பெரியது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 605 ஆண்கள், மூன்று குழுக்கள். ஒரு குழுவுக்கு முழு டோஸ், 250 மில்லிகிராம். இன்னொன்றுக்குப் பெயருக்கு 1 மில்லிகிராம், உடம்பில் எதுவும் செய்யாது. இந்த இரண்டு குழுவிடமும் "உங்களுக்கு டைசல்பிராம் தருகிறோம்" என்றார்கள். மூன்றாவது குழுவுக்கு வெறும் வைட்டமின், அதைச் சொல்லியே கொடுத்தார்கள். ஒரு வருஷம் முழுக்கக் குடிக்காமல் இருந்தவர்கள் முறையே 18.8, 22.5, 16.1 சதவீதம். வித்தியாசம் தற்செயல் என்று ஒதுக்கிவிடக்கூடிய அளவுதான்.

இதைப் படித்ததும் 'அப்போ மருந்து வேஸ்ட்டு'ன்னு முடிவு கட்டத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அதே கட்டுரையில் இன்னும் இரண்டு விவரம் இருக்கிறது. மறுபடி குடித்தவர்களில், எல்லா நேர்காணலுக்கும் வந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், முழு டோஸ் குழு வருஷத்தில் சராசரியாக 49 நாள் குடித்திருக்கிறது. மற்ற இரண்டும் 75, 86 நாள். அடுத்தது, ஐந்தில் நான்கு பேர் கொடுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடவே இல்லை. போடாத மாத்திரையைச் சோதித்துத்தான் பாதி முடிவு வந்திருக்கிறது.

இன்னொரு சிக்கல் எனக்கு ரொம்பப் பிடித்தது. மருந்துச் சோதனையில் யாருக்கு எது என்று மறைத்து வைப்பதுதான் முறை. ஆனால் டைசல்பிராம் ஆசையைக் குறைப்பதில்லை. "குடித்தால் சாவோம்" என்ற பயம்தான் வேலை செய்கிறது. மறைத்து நடத்தினால் போலி மாத்திரைக்காரருக்கும் அதே பயம் வந்துவிடும், அப்புறம் வித்தியாசம் எங்கிருந்து தெரியும்? 2014-ல் பிரான்ஸ் குழு ஒன்று 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. எது மருந்து என்று வெளிப்படையாகச் சொல்லி நடத்திய ஆய்வுகளில் டைசல்பிராம் நன்றாகவே ஜெயித்தது, மறைத்து நடத்தியவற்றில் பலன் தெரியவில்லை. வெளிப்படையான ஆய்வில் ஆய்வாளரின் ஆசையும் கலந்துவிடும் என்பது நியாயமான சந்தேகம்தான். இருந்தாலும், பயத்தைக் கழித்துவிட்டு இந்த மருந்தை அளக்க முயல்வது வண்டியின் சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வேகம் பார்ப்பது போலத்தான் எனக்குத் தோன்றுகிறது.

ரசத்தில் கலந்தது ஏன் தப்பு என்பது இங்கேதான் எனக்கு உறைத்தது. மாமாவுக்கு மாத்திரை உள்ளே போனது, பயம் போகவில்லை. வேலை செய்யும் பாதியை விட்டுவிட்டு ஆளைக் கொல்லும் பாதியை மட்டும் கொடுத்திருக்கிறோம். நோயாளிக்கு முழுதாகத் தெரியாமல் கொடுக்கவே கூடாது என்று மருந்தின் குறிப்பிலேயே எச்சரிக்கை இருக்கிறது. நிறுத்தியபின் இரண்டு வாரம் வரைகூட அதன் விளைவு இருக்கும் என்பதையும் அத்தைக்கு யாரும் சொல்லவில்லை. குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம் என்ற விளம்பரங்களை இன்றைக்கும் பார்க்கிறோம். உள்ளே என்ன இருக்கிறதோ!

2004-ல் மும்பையில் நடந்த ஆய்வு ஒன்று உண்டு. மாத்திரை போட வைக்க வீட்டார் தயாராக இருந்த 100 ஆண்களில் ஒரு பாதிக்கு டைசல்பிராம், மறு பாதிக்கு நால்ட்ரெக்சோன் என்ற வேறு மருந்து. ஒரு வருஷ முடிவில் குடிக்காமல் இருந்தவர்கள் டைசல்பிராமில் 86 சதவீதம், மற்றதில் 44. வெளிப்படையான ஆய்வுதான், எண்களைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்கணும்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அத்தையிடம் இதைச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"தினமும் மாத்திரையை யார் எடுத்துக் குடுத்தா?"

"வீட்ல இருக்கறவங்கதான் அத்தை."

"அவாளுக்கு என்ன மாத்திரைன்னு தெரியுமா?"

"தெரியும்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கீரைத் தண்டுகளைத் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டு, ராத்திரிக்கு ரசம் வைக்கவா என்று கேட்டாள்.