காயலில் இறங்கிய குதிரையும் ஆங்கிலக் குதிரை மரபும்

காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்து குவிந்த பொருள்களை எண்ணுமிடத்துப் பட்டினப்பாலை, கடல்வழி வந்த குதிரைகளையே முதலில் வைக்கின்றது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற திருவாதவூரர் வரலாறோ தமிழாசிரியர் எவர்க்கும் தெரிந்த ஒன்று. இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது ஒரு வினா எழாமற் போகாது. தமிழ் வேந்தர் நூற்றாண்டு நூற்றாண்டாகக் குதிரையை வாங்கிக்கொண்டே இருந்தது ஏன்? வாங்கியதை வளர்த்துப் பெருக்காதது ஏன்?

விடையின் ஒரு பகுதி மார்க்கோ போலோவிடம் கிடைக்கின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டைக் கண்ட அவர், அரசுரிமை பெற்றிருந்த உடன்பிறந்தார் ஐவரும் ஆண்டுதோறும் ஆளுக்கு இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினர் என்றும், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறும் எஞ்சுவதில்லை என்றும் எழுதுகின்றார். ஏடன், ஓர்முசு முதலிய துறைகளிலிருந்து வந்த பரிகள் அவை. பாரசீக வரலாற்றாசிரியர் வசாபு, குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார் விலையென்பர். அயலார் கணக்கில் மிகை இருக்கலாம். ஆயினும் பெரும்பொருள் கடல்கடந்து போயிற்று என்பதில் ஐயமில்லை.

குதிரைகள் மடிந்ததற்குப் பேணத் தெரியாமையே காரணம் என்கின்றார் போலோ. சோற்றோடு இறைச்சியைச் சமைத்து ஊட்டினராம். லாடம் அடிப்போரும் நாட்டில் இல்லை. வணிகர் அத்தகையோரை இங்கு வரவிடுவதுமில்லை. பழைய குதிரை பிழைத்தால் புதிய குதிரை விலைபோகாதன்றோ! இவற்றினும் கருதத்தக்கது அவர் கூறும் மற்றொரு செய்தி. நல்ல பெட்டையை நல்ல பொலிகுதிரையோடு சேர்த்தாலும் கால் கோணிய சிறு குட்டியே பிறந்தது என்பதாம். நல்ல குருதி வந்தது. அது வேரூன்ற இடமில்லை.

அதே கீழ்நாட்டுக் குருதி இங்கிலாந்திற்குச் சென்றபோது விளைந்தது வேறு. இன்றைய தரோபிரெட் என்னும் பந்தயக் குதிரை இனம் முழுவதும் ஆண்வழியில் மூன்று பொலிகுதிரைகளிற் போய் முடிகின்றது. பையர்லி என்னும் படைத்தலைவரின் துருக்கிக் குதிரை ஒன்று. அலெப்போ நகரிலிருந்து 1704-இல் தாமசு டார்லி அனுப்பிய அரபுக்குதிரை மற்றொன்று. கொடோல்பின் பிரபுவின் குதிரை மூன்றாவது. காயலில் இறங்கிய ஆயிரங்களை நோக்க மூன்று எம்மாத்திரம்? அங்கே அவற்றை ஏற்கத் தேர்ந்த பெட்டைகள் இருந்தன, புல்வெளி இருந்தது, பந்தயம் என்னும் உரைகல் இருந்தது. தாய், தந்தை பெயர்கள் பதியப்பெற்றன. அம்மரபுப் பதிவேடு 1791-இல் முதன்முதல் அச்சேறிற்று.

இவ்வினம் பந்தயத் திடலோடு நிற்கவில்லை. செருமனியில் 1732-இல் திராக்கேனன், 1735-இல் செல்லே ஆகிய குதிரைப் பண்ணைகள் எழுந்தன. செல்லேயில் வளர்ந்த ஆனோவர்க் குதிரை ஏர், வண்டி, படை மூன்றுக்கும் பயன்பட்டது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் உழுவை இயந்திரம் வந்ததும் பாரக்குதிரைக்கு வேலை போயிற்று. வளர்ப்போர் சவாரிக் குதிரையை நாடினர். கனத்த பெட்டைகளோடு தரோபிரெட் பொலிகுதிரைகளைச் சேர்த்தனர். 1961-இல் பிறந்த லேடிகில்லர் ஆல்சுட்டைன் பகுதியிலும், பூரியோசோ நார்மண்டியிலும் இவ்வகையிற் புகழ் பெற்றவை. பூரியோசோவின் வழித்தோன்றலான லூத்தர் என்னும் குதிரையே 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் தாண்டற்போட்டித் தங்கத்தைப் பிரான்சுக்கு ஈட்டித் தந்தது. செருமானியர் தம் மரபேடுகளில் தூய தரோபிரெட்டின் பெயருக்குப்பின் இரட்டைப் பெருக்கற்குறி இடுவர். இன்றைய தாண்டற் குதிரையின் பட்டியலிற் சில தலைமுறை மேலே சென்றால் அக்குறி எதிர்ப்படும்.

இக்கலப்பால் வந்தது விரைவு, மூச்சுவலி, மெல்லிய உடற்கட்டு. உடன்வந்த குறை, எளிதில் மிரளும் இயல்பு. ஆகவே கலப்பை எவ்வளவில் நிறுத்துவது என்பதில் வளர்ப்போரிடையே பூசல் இன்றும் ஓயவில்லை. பயிற்சி நடைக்கு அடங்கிய குணமே முதன்மையாதலின் அக்குருதி அளவாகவே வேண்டும். மூன்றுநாட் போட்டியின் நெடிய நாட்டோட்டத்திற்கோ மிகுதியாக வேண்டும்.

கீழைக்கடலில் பழங்கதையே தொடர்ந்தது. கம்பெனிப் படைக்கென நியூ சவுத் வேல்சிலிருந்து கலப்புக் குதிரைகள் இந்தியாவிற்குக் கப்பலேறின. நாட்டின் பெயராலேயே அவை வேலர் எனப்பட்டன. தாசேக் கெலுகோரைவிட்டுத் தெற்கே வந்து கடல் கடந்தால் பினாங்குத் தீவு. அங்கே 1864-இல் குதிரைப் பந்தய மன்றம் தோன்றிற்று. பின்னர்ப் பத்து கந்தோங் திடலில் ஓடிய குதிரைகள் பெரும்பாலும் ஆத்திரேலியாவிலும் நியூசீலாந்திலும் பிறந்து கப்பலிலோ வானூர்தியிலோ வந்தவை. டார்லி குதிரையின் குருதி இங்கும் ஓடிற்று; ஆயினும் குட்டிகள் வேறு நாட்டுப் புல்வெளியிலேயே பிறந்தன. சிங்கப்பூரில் 2024 அக்டோபரிலும் பினாங்கில் 2025-இலும் பந்தயங்கள் நின்றன. அதனோடு அவ்விரு துறைகளுக்கும் பந்தயக் குதிரை வருவதும் நின்றது.