லயமும் லயமும்

யட்டியாந்தோட்டைப் பக்கம் றப்பர்த் தோட்டமொன்றில் பால் வெட்டுபவரின் மகன் ஒருவன், தாங்கள் குடியிருக்கும் தோட்டத்துத் தொடர்வீட்டைப் பற்றி 'எங்கள் லயம்' என்று புதுக்கவிதை எழுதிப் போட்டிக்கு அனுப்பியிருந்தான். "லயம் தலைப்பில் மட்டுமே, தாளம் எங்கே?" என்று நடுவர் குறிப்பெழுதிவிட்டார். பையன் என்னிடம் வந்து, "சேர், எங்க லயத்துல கூரையுந்தான் பாதி இல்ல, அத ஏன் அவரு கேக்கல?" என்றான். சிரித்து அடங்க நேரமாயிற்று. இசையின் லயம் வடமொழி; கரைதல், ஒன்றிப்போதல் என்பது அதன் பழம்பொருள். நம் லயமோ ஆங்கில 'லைன்'. லயனாகி, நாக்கில் தேய்ந்து லயமாயிற்று. அந்த 'லைனு'க்கு இலத்தீனில் மூலம் ஆளிச்செடியின் நூல். நூல் கயிறாகி, கோடாகி, வரிசையாகி, கடைசியில் 10க்கு 12 அடி அறைகளின் வரிசையாக வந்து நின்றது. அறைக்குப் பெயரான காம்பரா போர்த்துக்கேயர் விட்டுப்போனது. ஆக, ஒரு லயக்காம்பராவுக்குள் இரண்டு வெள்ளைக்காரர் ஒண்டுக்குடித்தனம்! லயத்துக்கு ஈடாகத் தமிழில் 'நிரை' உண்டு. கொழுந்தெடுக்கும் பெண்கள் தேயிலை வரிசையை நிரை என்றுதான் சொல்வார்கள். யாப்பில் நிரையசையும் உண்டு. வரிசையும் ஓசையும் ஒரே சொல்லில் கிடைக்கிறதே என்ற ஆசையில் 'நிரைவீடு' என்று சொல்லிப் பார்த்தேன். "அப்புடி விலாசம் எழுதுனா கடுதாசி வந்து சேருமா சேர்?" என்றான். சேராது. லயம் என்றே இருக்கட்டும்.