கிளையும் முத்திரையும்

ஒரு நூலைப் பற்றிப் பேச்சு எழும்போது ‘எந்தப் பதிப்பு?’ என்று கேட்பவனை வீண் வாதம் செய்பவன் என்று எண்ணிவிடாதீர்கள். ஆராய்ச்சியின் முதற்படி அக்கேள்வியே. கணிப்பொறிக்கு மென்பொருள் ஆக்குவோரும் இன்று அதே கேள்வியை வைத்தே தொழில் நடத்துகின்றனர். தனித்து வளரும் பிரதியை அவர்கள் ‘பிராஞ்ச்’, அதாவது கிளை என்பர். வெளியிட்ட பிரதிக்கு இடும் அடையாளத்தை ‘டேக்’ என்பர். அதனை நாம் முத்திரை எனலாம். இவ்விரண்டின் வரலாற்றையும் இன்று சிறிது காண்போம்.

ஏட்டுச் சுவடிகளிலிருந்து தொடங்குவதே முறை. ஓலை நெடுங்காலம் நில்லாது. ஆதலின் நம் முன்னோர் தலைமுறைதோறும் அதனைப் பெயர்த்தெழுதினர். மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமல் எழுதும் வழக்கமும் இருந்தமையால், ஒருவர் ஒரு சொல்லை வேறாகப் படித்து எழுதுவது எளிதாயிற்று. அவர் பிரதியைப் பார்த்து எழுதிய அனைவரிடமும் அம்மாற்றம் தொடர்ந்தது. இவ்வாறு ஒரே அடிமரத்தினின்றும் பல கிளைகள் பிரிந்தன. எக்கிளை எப்பொழுது, எவர் கையால் பிரிந்தது என்பதற்குப் பெரும்பாலும் குறிப்பு இல்லை. இதுவே சுவடிப் பதிப்பாசிரியர்களை வருத்திய பெருந்துன்பம்.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-லும், பத்துப்பாட்டை 1889-லும், புறநானூற்றை 1894-லும் அச்சேற்றினார். நம் நாஞ்சில் நாட்டுக்கு அண்மையதாகிய பொருநைக் கரையில், ஆழ்வார்திருநகரியிலும் அவர் சுவடி தேடினார். கிடைத்த பிரதிகளை ஒப்புநோக்கி, தகுந்த பாடத்தை மேலே வைத்து, ஏனையவற்றைப் பிரதிபேதம் என அடியிலே காட்டினார். சுவடி உதவியவர் பெயரையும் முகவுரையில் பொறித்தார். பிரிந்த கிளைகளை ஒன்று சேர்த்ததோடு, சேர்த்த வழியையும் மறையாது காட்டிய பணி அது. ‘முதற் பதிப்பு, 1894’ என்று நூலின் முகப்பில் அச்சிட்டவுடன், மதுரையில் இருப்பவரும் யாழ்ப்பாணத்தில் இருப்பவரும் ஒரே பக்கத்தைச் சுட்டிப் பேச முடிந்தது. முத்திரையின் பயன் இதுவே.

நம் தேரூர் தந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையவர்கள் உமர்கய்யாம் பாடல்களைத் தமிழில் பாடினார் என்பதை அறிவீர்கள். அதற்கு வழியாயிருந்தது எட்வர்டு பிட்ஸ்ஜெரால்டு என்பாரின் ஆங்கில ஆக்கம். அது 1859-இல் 75 பாடல்களோடு வெளிவந்தது. 1868-இல் 110 ஆயிற்று. 1872-இல் 101 ஆகச் சுருங்கியது. 1879-இல் நான்காம் பதிப்பும், ஆசிரியர் மறைந்த பின் 1889-இல் ஐந்தாம் பதிப்பும் தோன்றின. பாடல்களின் வரிசையும் சொற்களும் மாறிக்கொண்டே வந்தமையால், ‘இருபதாம் பாடல்’ என்றால் எந்தப் பதிப்பின் இருபதாம் பாடல் என்று கேட்டே ஆகவேண்டும். பின் வந்த பதிப்பு முன்னதை அழித்துவிடவில்லை. முதற் பதிப்பை விரும்பிப் படிப்போர் இன்றும் உளர்.

இனி மென்பொருளுக்கு வருவோம். 1972-இல் அமெரிக்க நாட்டின் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராச்கைண்டு என்பவர், நிரலில் நேர்ந்த ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் எஸ்.சி.சி.எஸ். என்ற ஏற்பாட்டை அமைத்தார். 1980-களின் தொடக்கத்தில் வால்டர் டிக்கி ஆர்.சி.எஸ். என்பதனை ஆக்கினார். ஆம்ஸ்டர்டாமில் டிக் குரூன் என்னும் விரிவுரையாளர், தம் மாணவர் இருவரோடு ஒரு கம்பைலரை உருவாக்கிக்கொண்டிருந்தார். மூவரும் வேலை செய்யும் நேரம் வெவ்வேறு. ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்துவிடாதபடி காக்க அவர் செய்த உபாயமே 1986-இல் சி.வி.எஸ். ஆக வெளிப்பட்டது. ஆசிரியரும் மாணவரும் கூடி உழைத்ததன் பயன் அது! 2000-இல் தொடங்கிய சப்வெர்ஷன் என்பதில் அடிமரம், கிளைகள், முத்திரைகள் என மூன்று அறைகள் வகுப்பது வழக்கமாயிற்று. 2005-இல் லினஸ் டார்வால்ட்ஸ், லினக்ஸ் பணிக்கெனக் ‘கிட்’ என்ற கருவியை ஆக்கினார்.

கிளை எதற்கு என்பதைப் பள்ளிப் பாடநூலைக் கொண்டு விளக்குகிறேன். ஜூனில் பாடநூல் மாணவர் கைக்கு வந்துவிட்டது. குழுவினர் அடுத்த ஆண்டு நூலை எழுதத் தொடங்கிவிட்டனர். அப்பொழுது இவ்வாண்டு நூலில் ஒரு பிழை தென்படுகிறது. பாதி எழுதிய புதிய நூலை மாணவரிடம் கொடுக்க இயலாது. பழைய நூலிலேயே அப்பிழையை மட்டும் திருத்தித் தரவேண்டும். அதற்கென வெளியீட்டினின்றும் ஒரு கிளை பிரிக்கப்படுகிறது. ஆனால், புதிய கையெழுத்துப் பிரதியில் திருத்த மறந்தால், அடுத்த ஜூனில் அதே பிழை மீண்டும் வந்து நிற்கும்! ஆதலால் லினக்ஸில், திருத்தம் முதலில் அடிமரத்தில் ஏறவேண்டும், பின்னரே பழைய வெளியீட்டின் கிளைக்குச் செல்லவேண்டும் என்று பொதுவிதி வகுத்துள்ளனர். அங்கே ஏறத்தாழ ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒரு புதிய வெளியீடு முத்திரை பெறுகின்றது.

கிளை நாளும் வளரும், முத்திரையோ அசையலாகாது. ஒரு வெளியீட்டுக்கு 1.0 என்று முத்திரையிட்டபின் அதில் குற்றம் காணப்பட்டால் என் செய்வது? ஓசையின்றித் திருத்தி, அதே முத்திரையைத் திருத்திய பிரதிக்கு மாற்றி ஒட்டிவிடச் சிலர்க்கு ஆசை எழும். வற்புறுத்தினால் கருவியும் அதற்கு இடங்கொடுத்துவிடும். அதன் விளைவைக் கருதுங்கள்: 1.0 என்ற ஒரே பெயரில் இருவர் கையில் இரு வேறு பொருள்கள் இருக்கும். ஒருவர் சொல்லும் குறை மற்றவர்க்குத் தோன்றாது. எவர் சொல்வது மெய் என்று எவராலும் துணிய முடியாது. புள்ளியில்லாச் சுவடியின் குழப்பமே மீண்டும் வந்து சேரும். நெறி அறிந்தோர் அவ்வாறு செய்யார், குற்றமுள்ள 1.0-ஐ இருந்தபடியே விட்டு, திருத்தியதற்கு 1.0.1 என்று புதிய முத்திரை இடுவர்.

உங்கள் ஆய்வேட்டுக்கும், ஊர்ச் சங்கத்தின் கணக்குப் புத்தகத்துக்கும், ஏன், பள்ளியின் மதிப்பெண் பதிவேட்டுக்கும் இம்முறை பொருந்தும். எழுதியதைச் சுரண்டி அழிக்காமல், கோடிட்டு, திருத்தி, நாளும் கையெழுத்தும் இடுங்கள். பின்வருவோர் உங்கள் பக்கத்தைத் திறக்கும்போது, எது முன்னது, எது பின்னது, ஏன் மாறிற்று என்ற மூன்றும் அவர்க்கு விளங்கவேண்டும்.